பனிநீரும் பாற்சோறும்



மன்னர்களின் வரலாற்றை எழுதியோர் பலர். போர்களின் வரலாற்றை எழுதியோர் அவரினும் பலர். நாம் நாள்தோறும் உண்ணும் உணவின் வரலாற்றை எழுதியோரோ மிகச் சிலர். ஆயினும், ஒரு நாட்டு மக்கள் யாரோடு பழகினர், எதைக் கொடுத்து எதைப் பெற்றனர் என்பதை அறிய விரும்புவோர் அரண்மனை வரை செல்ல வேண்டுவதில்லை. அடுக்களை வரை சென்றால் போதும்.

நாம் குடியிருக்கும் இக் கான்பூரில் கோடை வந்துவிட்டால், 'லூ' எனப்படும் அனற்காற்று சித்திரை, வைகாசித் திங்கள்களில் மக்களை வாட்டி வதைக்கின்றது. அப்போது கடைவீதியில் மண் கிண்ணங்களில் உறைய வைத்து விற்கப்படும் வெண்ணிற இனிப்பு ஒன்றை நாம் அனைவரும் அறிவோம். அரைத்த அரிசியைப் பாலிற் காய்ச்சி, சர்க்கரை சேர்த்து, பன்னீரோ தாழம்பூ நீரோ தெளித்து, குளிரவைத்து உண்ணும் அதற்குப் பிர்னி என்று பெயர். ரமலான் திங்களில் நம் இசுலாமிய அண்டை வீட்டார் தட்டில் வைத்து மூடி அனுப்புவதும் அதுவே. நம் காலனியிற் பிறந்து வளரும் குழந்தைகள் இன்று பாயசத்தினும் பிர்னியையே விரும்பிக் கேட்கின்றனர்.

இது கண்டு வருந்துவோர் நம்மிடையே உளர். "இலையில் பாயசம் விழாத விருந்து தமிழர் விருந்தாகுமா?" என்று பெரியோர் வினவுகின்றனர். "நாவிற்கு இனியதை உண்பதில் நம்மவர் என்றும் பிறர் என்றும் பிரிவு எதற்கு?" என்று இளைஞர் விடையிறுக்கின்றனர். இவ்விரு சாராரின் கூற்றிலும் நியாயம் உண்டு. எனினும், தீர்ப்புக் கூறுமுன் பொருளின் வரலாற்றை அறிதல் முறையன்றோ?

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தனாகப் பணிபுரிபவன் யான். ஒரு பொருள் எந்த நிலையத்திற் புறப்பட்டது, எவ்வழியாக வந்தது, எங்கே மாற்றி ஏற்றப்பட்டது என்று பார்ப்பதே என் அன்றாட வேலை. பிர்னியையும் அவ்வாறு ஒரு சிப்பமாகக் கருதி, அது புறப்பட்ட இடங்களைத் தேடினேன். ஒரு நிலையத்திலிருந்து அன்று, பல நிலையங்களிலிருந்து வந்த சரக்குகள் அச்சிறு கிண்ணத்திற் கூடியிருக்கக் கண்டேன். அவற்றை ஒவ்வொன்றாகக் கூறுவேன்.

பாலும் அரிசியும்

பாலையும் அரிசியையும் சேர்த்துச் சமைக்கும் வழக்கம் பாரத நாட்டிற்கு மிகப் பழமையானது. 'க்ஷீரம்' என்ற வடசொல்லிலிருந்தே 'கீர்' என்னும் இந்திச் சொல் பிறந்தது. புத்தர் பெருமான் ஞானம் பெறுமுன் சுஜாதை என்னும் நங்கை படைத்த பாலன்னத்தை உண்டார் என்று பௌத்த மரபு கூறுகின்றது.

தமிழகத்திலும் இவ்வுணவின் பெருமைக்குச் சான்று உண்டு. ஆண்டாள் நாச்சியார் அருளிய திருப்பாவையின் 27ஆம் பாசுரம், நோன்பு முடிந்து நெய் பெய்த பாற்சோற்றைக் கூடியிருந்து உண்பதைப் பாடுகின்றது. நாச்சியார் திருமொழியிலோ, திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொள்கின்றார். அந்நேர்த்தியைப் பிற்காலத்தில் இராமாநுசர் நிறைவேற்றினார் என்பது வைணவ மரபு. இன்றும் மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லியன்று நம் இல்லங்களில் அக்காரவடிசில் மணக்கின்றது.

ஆகவே, பிர்னிக் கிண்ணத்திலுள்ள பாலும் அரிசியும் நமக்கு அயலார் அல்லர். ஆனால் நம் பாயசமும் அக்காரவடிசிலும் சூடாக உண்ணப்படுபவை. அவற்றிற்கு மணமூட்டுவன ஏலமும் பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும். அரிசியை அரைத்துக் கூழாக்கி, மலர் நீர் தெளித்து, குளிரவைத்து உண்ணும் முறை வேறு திசையிலிருந்து வந்தது.

மேற்கிலிருந்து வந்த முறை

'பிர்னி' என்பது பாரசீகச் சொல். ஈரான் நாட்டில் 'பெரெனி' என்ற பெயரில் அரிசி மாவிட்ட பால் உணவு இன்றும் உண்ணப்படுகின்றது. அரபு நாடுகளில் இதன் இனத்தைச் சேர்ந்தது 'முகல்லபியா'. ஏழாம் நூற்றாண்டில் அல் முகல்லப் என்னும் அரபுப் படைத்தலைவருக்குப் பாரசீகச் சமையற்காரர் ஒருவர் இதனைச் சமைத்துப் படைத்தார் என்றும், அவர் பெயரே உணவிற்கு அமைந்தது என்றும் ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. கதை எவ்வாறாயினும், பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் இப்னு சய்யார் அல் வர்ராக் தொகுத்த சமையல் நூலில் முகல்லபியா இடம்பெற்றுள்ளது என்பது உறுதி.

அக்காலத்தில் இவ்வகை உணவுகளிற் சிலவற்றில் கோழி இறைச்சியும் சேர்ந்திருந்தது! துருக்கி நாட்டில் கோழியின் நெஞ்சுக் கறியை நார்நாராகப் பிரித்துப் பாலிலும் சர்க்கரையிலும் காய்ச்சிச் செய்யும் இனிப்பு இன்றளவும் உண்டு. ஐரோப்பியரின் 'பிளமான்ஜ்' என்னும் வெள்ளை இனிப்பும் இடைக்காலத்தில் கோழி, அரிசி, பாதாம்பால் ஆகியன கலந்த உணவாகவே இருந்தது. காலப்போக்கில் கோழி நீங்கிற்று, சோளமாவு புகுந்தது. ஊர்தோறும் ஒன்று நீங்குவதும் ஒன்று சேர்வதும் இவ்வுணவின் இயல்பு என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

முகலாயர் காலத்தில் இம்முறை நம் நாட்டு அடுக்களையில் வேரூன்றிற்று. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் பாசல் எழுதிய 'அயினி அக்பரி'யில் 'ஷீர் பிரிஞ்சு', அதாவது பாலரிசி என்னும் உணவிற்கு அளவு தரப்பட்டுள்ளது: பால் 10 சேர், அரிசி 1 சேர், கற்கண்டு 1 சேர், சிறிது உப்பு. பேரரசர் அக்பரின் அடுக்களைக்கும் நம் வீட்டு அடுக்களைக்கும் பாலன்னத்தைப் பொறுத்தவரை இடைவெளி அதிகமில்லை என்பது இதனால் விளங்கும்.

மணம் வந்த வழி

இனி மணத்தின் கதை. மலரைக் கொதிநீரிலிட்டு, அதன் ஆவியைக் குளிரவைத்து நீராக்கும் கலையை அரபு அறிஞர் வளர்த்தனர். ஒன்பதாம் நூற்றாண்டில் அல் கிந்தி என்பார் மணப்பொருள்களை வடித்தெடுப்பது குறித்துத் தனி நூலே இயற்றினார். நம் நாட்டில், ரோஜாப் பன்னீரின் மேல் மிதந்த எண்ணெய்ப் படலத்தைத் திரட்டி அத்தர் ஆக்கியவர் நூர்ஜஹானின் தாயார் அஸ்மத் பேகம் என்று பேரரசர் ஜஹாங்கீர் (1605–1627) தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார்.

அம்மணத்தின் தலைநகரம் நம் கான்பூருக்கு மிக அண்மையிலேயே உள்ளது. இங்கிருந்து பரூக்காபாத் செல்லும் இருப்புப்பாதையில் சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கன்னோசியே அது. பள்ளியில் ஹர்ஷரின் தலைநகரம் என்று நாம் படித்த அதே ஊர். அங்கு இன்றும் செப்புப் பானையில் மலரும் நீரும் இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, மூங்கிற் குழாய் வழியே ஆவியை வேறொரு செப்புக் கலத்திற்குச் செலுத்தி வடிக்கின்றனர். அக்கலம் குளிர்ந்த நீர்த்தொட்டியில் அமர்ந்திருக்கும். அடுப்பிற்கு விறகும் வறட்டியும். அளவிற்குக் கைப்பழக்கமும் மூக்கும். கன்னோசி அத்தருக்கு 2014ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கன்னோசிக்கும் தமிழகத்திற்கும் தொடர்பு இல்லை என்று எண்ணற்க. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில், முதற் குலோத்துங்க சோழனின் 41ஆம் ஆட்சியாண்டுக் (1110–11) கல்வெட்டை அடுத்து, கன்னோசியை ஆண்ட காகடவால மன்னரின் மரபுவழியைக் கூறும் கல்வெட்டு ஒன்று முற்றுப்பெறாத நிலையிற் காணப்படுகின்றது. காவிரி நாட்டின் கல்லில் கங்கை நாட்டு மன்னர் பெயர் ஏறியது எண்ணூறு ஆண்டுகளுக்கும் முன்பு!

பிர்னியில் பன்னீருக்கு மாற்றாக ஊற்றப்படும் 'கேவ்டா' நீரும் நமக்குப் புதிதன்று. அது தாழம்பூவின் வடிநீர். நம் நெய்தல் நிலத்துத் தாழையே இந்தியில் கேவ்டா ஆகின்றது. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டக் கடற்கரையில் தாழை பெருவாரியாக வளர்கின்றது. ஹௌராவிலிருந்து சென்னைக்குச் செல்லும் வண்டி அம்மாவட்டத்தின் ஊடேதான் ஓடுகின்றது. நம் பாட்டியர் பின்னலில் வைத்துத் தைத்துக்கொண்ட மலர், இங்கே இனிப்புக் கிண்ணத்தில் மணக்கின்றது, வேறுபாடு அவ்வளவே.

குளிர் வந்த வழி

பாலும் மணமும் எளிதிற் கிடைத்தன. அரிதாக இருந்தது குளிரே. குளிர்பெட்டி வருவதற்கு முன் நம் முன்னோர் வெயில் நாட்டில் எவ்வாறு குளிர்வித்தனர்? இவ்வரலாறே எல்லாவற்றினும் சுவையானது.

முதல் வழி வெடியுப்பு. துப்பாக்கி மருந்தில் நெருப்பைக் கக்கும் அவ்வுப்பு, நீரிற் கரையும்போது சூட்டை ஈர்த்துக் குளிர்ச்சி தரும். ஈய வெள்ளீயக் கலவையிலோ வெள்ளியிலோ செய்த குடுவையில் 1 சேர் நீரை அடைத்து, இரண்டரைச் சேர் வெடியுப்பைக் கரைத்த 5 சேர் நீருக்குள் அதனைக் கால் மணி நேரம் சுழற்றினால் உள்நீர் குளிர்ந்துவிடும் என்று அயினி அக்பரி கூறுகின்றது. அழிவிற்குரிய பொருளைத் தாகம் தீர்க்கப் பயன்படுத்திய அறிவை என்னென்பது!

இரண்டாம் வழி மலைப்பனி. 1586 முதல் அக்பரின் அவை பஞ்சாபில் இருந்தபோது, லாகூருக்கு 45 குரோசத் தொலைவிலிருந்த மலைப்பகுதியிலிருந்து தரை வழியாகவும் ஆற்று வழியாகவும் பனிக்கட்டி கொணரப்பட்டது. அது அரசர்க்கும் செல்வர்க்கும் உரிய இன்பமாக இருந்தது.

மூன்றாம் வழி நம் கங்கைச் சமவெளிக்கே உரியது. 1775இல் சர் ராபர்ட் பார்க்கர் என்னும் ஆங்கிலேயர், அலகாபாத் முதலிய இடங்களிற் பனிக்கட்டி செய்யும் முறையை இலண்டன் இராயல் சொசைட்டிக்கு எழுதினார். திறந்த வெளியில் ஆழமற்ற குழி தோண்டி, கரும்புத் தட்டையையோ சோளத் தட்டையையோ பரப்பி, அதன்மேல் மெருகிடாத அகன்ற மண் தட்டுகளை வரிசையாக வைத்து, காய்ச்சி ஆறிய நீரை ஊற்றிவிடுவர். மார்கழி, தை மாதத்து மேகமற்ற, காற்றில்லாத இரவில், சூழ்ந்துள்ள காற்று உறைநிலைக்கு வாராதபோதும் தட்டிலுள்ள நீர் தன் சூட்டை வானுக்கு இழந்து மெல்லிய ஏடாக உறையும். விடியுமுன் அதனைத் திரட்டி, வைக்கோல் சூழ்ந்த ஆழ்குழியில் இடித்து நிரப்பிக் கோடைக்குச் சேமிப்பர். கான்பூரிலும் குளிர்கால விடியலில் விற்கப்படும் 'மலாய் மக்கன்' என்னும் பால் நுரையை நாம் உண்டிருக்கின்றோம். காய்ச்சிய பாலை இரவெல்லாம் திறந்த வானின்கீழ்ப் பனியில் வைத்துக் கடைந்தால்தான் அந்நுரை நிற்கும் என்று அதை விற்போர் கூறுவர். அதுவும் இவ்வறிவின் வழி வந்ததே.

நான்காம் வழி கடல் கடந்து வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து பிரெடரிக் டியூடர் என்னும் வணிகர் 1833இல் 180 டன் ஏரிப் பனிக்கட்டியைக் கப்பலேற்றினார். நான்கு திங்கள் கழித்து அது கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 டன் கரையாமல் எஞ்சியிருந்தது. சென்னைக் கடற்கரையிலும் இப் பனிக்கட்டிக்காக 1842ஐ ஒட்டி ஒரு கட்டடம் எழுந்தது. நம்மவர் 'ஐஸ் ஹவுஸ்' என்று வழங்கும் கட்டடம் அதுவே. நீராவியாற் பனிக்கட்டி செய்யும் ஆலைகள் வந்தபின் அவ்வணிகம் மறைந்தது. பின்னர் பிலிகிரி அய்யங்கார் என்னும் வழக்கறிஞருக்கு உரிமையாயிருந்த அம்மனையில், மேலைநாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897இல் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

அரசர் மட்டும் சுவைத்த குளிர், இவ்வாறு படிப்படியாக இறங்கி இன்று நம் காலனியின் ஒவ்வொரு வீட்டிற்கும் வந்துவிட்டது.

மண் கிண்ணம்

பிர்னிக்கு மண் கிண்ணம் அழகிற்காக மட்டும் அமைந்ததன்று. சுட்ட மண்ணின் நுண்ணிய துளைகள் பாலின் மிகை நீரை உறிஞ்சிக்கொள்ளும்; பிர்னி கெட்டியாகும். உறிஞ்சிய நீர் வெளிப்புறத்தில் ஆவியாகும்போது கிண்ணம் குளிரும். நம் ஊர் மண்பானைத் தண்ணீரின் இரகசியமும் இதுவேயன்றோ? 2004இல் இரயில் நிலையங்களில் தேநீருக்கு மண் குவளை வழங்க ஆணை பிறந்தபோது குயவர் பெருமக்கள் மகிழ்ந்ததை நம் அலுவலகத்தார் அறிவர்.

சொல்லில் உறையும் வரலாறு

இவ்வளவும் கூறியபின், என் கட்டுரையின் உயிர்நாடியான ஒரு சொல்லுக்கு வருகின்றேன். 'பன்னீர்' என்பதே அச்சொல்.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக இங்கு வருவோர், கடையிற் சென்று 'பன்னீர்' என்று கேட்டுப் பாற்கட்டியுடன் திரும்பும் வேடிக்கை எல்லோரும் அறிந்ததே. இந்தியில் பனீர் என்பது பால் திரித்த கட்டி. தமிழில் பன்னீர் என்பது மணநீர். பனிநீர் என்பதே பன்னீர் எனத் திரிந்தது. மலையாளத்தில் இன்றும் அதனைப் 'பனிநீர்' என்றே வழங்குகின்றனர். அயல்நாட்டுக் கலையால் வடித்த ரோஜா நீர் வந்தபோது, நம் முன்னோர் அதனை அயற்பெயரால் அழைக்கவில்லை. விடியற்காலையில் மலரின்மேல் நிற்கும் பனித்துளியை நினைத்தனர், பனிநீர் என்றனர். குளிர்ச்சியும் மலரும் அவ்வொரு சொல்லிலேயே கூடிவிட்டன. பெயரிட்ட அன்றே அது நம்முடையதாயிற்று. திருமண வாயிலில் பன்னீர்ச் செம்பு ஏந்தி வரவேற்பது நம் தலைசிறந்த உபசாரமாகவும் ஆயிற்று.

ஆனால் இன்று நம் காலனிப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். 'பன்னீர்' என்றால் அவர்களுக்குத் தெரிவது பாற்கட்டி ஒன்றே. பன்னீர்ச் செம்பில் இருப்பது என்ன என்று வினவினால் 'குலாப் ஜல்' என்கின்றனர். அவர்கள் பிர்னி உண்பதால் தமிழுக்கு இழப்பில்லை. பன்னீர் என்ற சொல் அவர்கள் நாவிலிருந்து நழுவுவதே இழப்பு. சுவையைப் பிறரிடமிருந்து பெற்றவர் எவரும் கெட்டதில்லை. சொல்லைக் கைவிட்டவரே தம்மை இழந்தனர்.

நம் இல்லத்தரசியர் கண்ட கலப்பு

நம் காலனித் தாய்மார் சிலர் இவ்விரு மரபையும் இணைத்து ஒரு பிர்னி செய்கின்றனர். உண்டு மகிழ்ந்தவன் என்ற முறையில் அதன் செய்முறையைக் கேட்டறிந்து இங்குத் தருகின்றேன்.

சீரகச் சம்பா அரிசி 50 கிராம் எடுத்து, அரை மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, ரவை போல் உடைத்துக்கொள்க. ஒரு லிட்டர் பாலை அடி கனத்த பாத்திரத்தில் முக்காற் பங்காகக் காய்ச்சி, அரிசியைச் சிறிது குளிர்ந்த பாலிற் கரைத்து ஊற்றி, கைவிடாமற் கிளறுக. விட்டாற் கட்டி தட்டும். அரிசி நன்கு வெந்தபின் சர்க்கரை 100 கிராம் சேர்த்துச் சில நிமிடம் கிளறி இறக்குக. வெதுவெதுப்பாக ஆறியபின் முதற் தேங்காய்ப் பால் 150 மில்லி கலக்க வேண்டும். அடுப்பிலிருக்கும்போதே ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். இறுதியாக, உண்பதற்குரிய பன்னீர் 2 தேக்கரண்டி. சூட்டில் மணம் பறந்துவிடும் ஆதலின், ஆறியபின் சேர்ப்பதே முறை. நீரில் ஊறவைத்துத் துடைத்த மண் கிண்ணங்களில் ஊற்றி, நான்கைந்து மணி நேரம் குளிரவைத்து, மேலே பிஸ்தாவிற்குப் பதில் நெய்யில் வறுத்த தேங்காய்க் கீற்றைத் தூவுக.

கன்னோசியின் ரோஜாவும் காவிரி நாட்டுச் சீரகச் சம்பாவும் தென்னையின் பாலும் ஒரு கிண்ணத்தில் கூடும் இவ்வுணவிற்கு அவர்கள் 'பனிநீர்ப் பாலன்னம்' என்று பெயரிட்டுள்ளனர். பெயர் இட்டதே இதிற் சிறந்த செயல் என்பேன்.

முடிவுரை

பாயசமா, பிர்னியா என்ற வழக்கிற்கு வரலாறு கூறும் தீர்ப்பு இதுதான். பால் நம்முடையது, முறை பாரசீகத்தது, மணம் அரபு அறிவினது, குளிர் மலையிலிருந்தும் கடலிலிருந்தும் வந்தது, கலமோ மண் உள்ள ஊரெல்லாம் உள்ளது. இவற்றுள் எதை அயல் என்று விலக்குவது? விலக்கினால் கிண்ணத்தில் எஞ்சுவது என்ன?

ஆதலின், நம் ஆண்டு விழா விருந்தில் சூடான பாயசமும் இருக்கட்டும். குளிர்ந்த பனிநீர்ப் பாலன்னமும் இருக்கட்டும். பரிமாறும்போது இரண்டின் பெயரையும் தமிழில் எழுதி வைப்போமாக. சிறுவர் சிறுமியர் அப்பெயரைப் படித்துவிட்டுக் கிண்ணத்தை எடுக்கட்டும். ஏன் அப்பெயர் என்று அவர்கள் கேட்பின், அருகிலுள்ள பெரியவர் பொறுமையுடன் விடை கூறுவாராக. தாய்நாட்டை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு, தமிழ் வகுப்பறையில் மட்டுமன்றிப் பந்தியிலும் வளர வேண்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!